நட்ட காட்டில் எண்ணிய நண்டுகள்

சேற்றில் நண்டுத் துளைகளை எண்ணுவதுதான் அந்த ஆண்டு என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் சுற்றுச்சூழல் கம்பெனி என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்கள் தண்ணீர் சோதித்துக்கொண்டிருந்தவள் நான். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது வயது நாற்பத்தாறு. அந்த வயதில் ஜொகூர் பாருவில் ஒரு சின்ன நிறுவனம் என்னை ஒப்பந்த வேலைக்கு எடுத்துக்கொண்டதே பெரிய விஷயம். அதன் முதலாளி ஒரு தமிழர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை பாஸ் என்பேன்.

வேலை கெலாங் பாத்தாவுக்கு மேற்கே, ஒரு சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில். வீடு கட்டும் நிறுவனம் ஒன்று அங்கே பாக்காவ் என்ற சதுப்புநில மரக் காட்டின் ஒரு பகுதியை வெட்டியிருந்தது. அதற்கு ஈடாக, ஆற்றின் மறுகரையில் புதிதாக மரம் நட்டுக் கொடுத்திருந்தது. நட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. இப்போது வெட்டாமல் விட்ட பழைய காட்டையும் அது கேட்டது. நட்ட காட்டுக்குள் பழைய காட்டில் இருப்பது போலவே உயிர்கள் வந்துவிட்டனவா என்று அதிகாரிகள் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். வந்துவிட்டன என்றால் மிச்சத்தையும் வெட்டி வேறு எங்காவது நட்டுக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. மண்ணில் வாழ்பவற்றை எண்ணும் பொறுப்பு எனக்கு வந்தது.

எங்களைப் படகில் கூட்டிப் போனவர் ஒராங் செலேதார் என்ற கடலோரப் பழங்குடி இனத்தவர். அந்தக் கரையிலேயே பிறந்தவர், ஏறக்குறைய என் வயதுதான். என்னை அக்கா என்ற பொருளில் காக் என்று கூப்பிடுவார், நான் அவரை அண்ணன் என்ற பொருளில் அபாங் என்பேன். பேச்செல்லாம் மலாயில். முதல் நாள் நட்ட காட்டின் பக்கம் படகைத் திருப்பும்போதே, அந்த மரங்களை நட்டவர்களில் தானும் ஒருவர் என்று சொன்னார். அவரும் அவர் மனைவியும் இரண்டு மாதம் இடுப்பளவு சேற்றில் நின்று நட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

நட்ட காட்டுக்குள் கால் வைத்ததும் எனக்குச் சொந்த ஊரான ரெங்கம் ஞாபகம் வந்தது. நான் தோட்டத்தில் வளர்ந்தவள். ரப்பராகட்டும் செம்பனையாகட்டும், எல்லாம் நிரை நிரையாக நிற்கும். ஏழு வயதில் ஒரு நாள் அம்மாவைத் தேடிப் போய், எந்த நிரையில் நுழைந்தேன் என்று தெரியாமல் அரை நாள் அழுதிருக்கிறேன். எங்கே திரும்பினாலும் அதே மரம், அதே இடைவெளி. இங்கேயும் அப்படித்தான் இருந்தது. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே வகைப் பாக்காவ். தரையில் விழுந்த கட்டையோ கொடியோ எதுவும் இல்லை. கடல் பக்கம் அலை அடிக்காமல் இருக்க நீளமாகக் கல் தடுப்புப் போட்டிருந்தார்கள்.

குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம் என்னிடம் இருந்தது. அதைச் சேற்றில் வைத்து, உள்ளே எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். பிறகு பத்தடி தள்ளி மறுபடி வைக்க வேண்டும். ஒன்றும் இருக்காது என்ற நினைப்போடுதான் போனேன். ஆனால் சட்டத்துக்குள் துளைகள் சல்லடை மாதிரி இருந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் போதும், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் வெளியே வந்து அந்தக் கொடுக்கை ஆட்ட ஆரம்பித்துவிடும். மறுநாள் பழைய காட்டுக்குப் போனோம். அங்கே வேர்களில் இடறி, சேற்றில் புதைந்து, அரைப் பொழுது எண்ணினேன். துளைகள் குறைவாகத்தான் இருந்தன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நட்டால் காடு திரும்பி வரும் என்பது நல்ல செய்திதானே. அன்று சாயங்காலமே எண்ணிக்கையை பாஸுக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, ரொம்ப நல்லா இருக்கு அக்கா, கிளையண்ட் சந்தோஷப்படுவாங்க என்றார்.

அதற்கு அடுத்த வாரம் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது, படகுக்காரரிடம் பேச்சுவாக்கில் அந்த முடிவைச் சொன்னேன். அவர் நட்ட மரங்களில் பழைய காட்டைவிட அதிக நண்டு இருக்கிறது என்று சொன்னால் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"இருக்கு காக். ஆனா அவ்வளவும் ஒரே ஆள்தானே."

நான் புரியாமல் பார்த்தேன். அவர் குத்திக்காட்டுவது போலச் சொல்லவில்லை. தான் நட்ட மரத்தைக் குறை சொல்ல அவருக்கு விருப்பமும் இல்லை. வெயில் விழுகிற சேற்றில் அந்தக் கைகாட்டும் நண்டு எப்போதும் கூட்டமாக வரும், மற்றவை இன்னும் வரவில்லை, தன் மனைவி லொக்கான் சிப்பி பொறுக்கப் பழைய காட்டுக்குத்தான் போகிறாள், இந்தப் பக்கம் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை என்றார். பிறகு இயந்திரத்தை முடுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். என் படிவத்தில் துளைகளின் எண்ணிக்கைக்கு மட்டும்தான் இடம் இருந்தது. எது யாருடைய துளை என்று நான் எழுதவில்லை. நினைவில் தோண்டிப் பார்த்தேன். பழைய காட்டில் மரத்தில் ஏறிய கறுப்பு நண்டு ஒன்றைப் பார்த்தேனே. இலையை இழுத்துக்கொண்டு துளைக்குள் போன சிவப்புக் கொடுக்கு நண்டு ஒன்று. எரிமலை மாதிரி இடுப்பளவு மண்ணைக் குவித்து வைத்திருந்த ஏதோ ஒன்று. அதை ஒரு வகைச் சேற்று இறால் செய்கிறது என்று பிறகு தெரிந்தது. அதையெல்லாம் பார்த்துவிட்டு நான் எழுதியது ஒரு எண். அந்த எண் பொய் இல்லை. அதை வைத்து அந்தக் காட்டை வெட்டிவிடலாம் என்பதுதான் என்னைத் தின்றது.

என் கணவர் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். கடல் மேல் போகும் இரண்டாம் பாலம் வழியாக மோட்டார் சைக்கிளில் போய் வருவார். அவரிடம் சொன்னேன். ஒரு தடவை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வா, சும்மா யோசித்துக்கொண்டே இருந்தால் சோறு இறங்காது என்றார். பாஸிடம் சொல்லாமல், என் விடுமுறை நாளில், படகுக்காரருக்கு நானே பேசி ஏற்பாடு செய்தேன்.

அந்த வாரம் கணவருக்கு இரவு ஷிப்ட். காலையில் அவர் பாலத்தில் திரும்பி வரும் நேரம் நான் பழைய காட்டுக்குள் இருந்தேன். அங்கிருந்து மரங்களின் இடைவெளியில் பாலம் தெரியும். இந்த முறை எண்ணவில்லை. ஒவ்வொரு துளைக்கும் காத்திருந்து, வெளியே வருவதைப் படம் எடுத்து, மரத்தண்டில் ஒட்டியிருந்த நத்தைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு நண்டுகள் ஒரே மாதிரி இருந்தன, நிறம் மட்டும் வேறு. ஒரே வகையில் ஆணும் பெண்ணுமா, இல்லை இரண்டு வகையா என்று தெரியவில்லை. நான் படித்தது வேதியியல், விலங்கியல் இல்லை. கையேட்டைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டதுதான். தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒவ்வொரு படத்தோடும் கூடியது.

திடீரென்று குளிர்ந்த காற்று வந்தது. படகுக்காரர் கரையிலிருந்து கூப்பிட்டார். மேற்கே வானம் கறுத்திருந்தது. சுமத்ரா காற்று, வந்தால் சொல்லிக்கொண்டு வராது. கிளம்பலாம் என்று காலைத் தூக்கினேன், பூட்ஸ் வரவில்லை. முழங்காலுக்கு மேல் புதைந்திருந்தது. வேரைப் பிடித்து இழுத்தேன், இன்னொரு காலும் இறங்கியது. மழை வந்துவிட்டது. இடைவெளியில் பார்த்தேன், பாலம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. அந்த நேரத்தில் என் கணவர் அதன் மேல்தான் இருக்க வேண்டும். அந்தக் காற்றில் மோட்டார் சைக்கிள்கள் விழுந்த செய்தியை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். பையிலிருந்து போனை எடுத்து அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். நீர் ஏற ஆரம்பித்திருந்தது, காலைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன.

படகுக்காரர் வந்து, என்னைக் கையைப் பிடித்து இழுக்காமல், பூட்ஸை விட்டுவிட்டு மல்லாந்து சாயச் சொன்னார். சாய்ந்தேன். வெறுங்கால் இரண்டும் வெளியே வந்தன. பூட்ஸ் அங்கேயே போயிற்று. படகில் தார்ப்பாயின் கீழ் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கணவரின் அழைப்பு வந்தது. பாலத்தின் ஓரம் ஒதுங்கி நின்றிருந்தாராம், போன் இருக்கையின் அடியில் இருந்ததாம். நீ எங்க இருக்க, ஏன் குரல் இப்படி இருக்கு என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

மழை விட்டு, ஏறிய நீரும் வடிந்ததும் படகுக்காரர் நட்ட காட்டின் கடைசி மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே கல் தடுப்பு ஒரு இடத்தில் சரிந்து, தண்ணீர் உள்ளே போய் வருகிறது. அவர் நட்ட மரங்களில் ஐம்பது அறுபது அங்கே செத்துவிட்டன. செத்த இடத்தில் யாரும் நடாத அப்பி-அப்பி மரக் கன்றுகளும் வேறு சில கன்றுகளும் தானாக முளைத்திருந்தன. செருப்பில்லாத காலோடு இறங்கிப் பார்த்தேன். மற்ற நிரைகளில் அந்தக் கைகாட்டும் நண்டுதான். அந்தச் சின்ன மூலையில் மட்டும், பழைய காட்டில் பார்த்த சிவப்புக் கொடுக்கு நண்டு இருந்தது. தண்டில் ஏறும் நத்தைகள் இருந்தன. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக இன்னும் குழப்பமாயிற்று. நட்ட காட்டில் உயிர் வராது என்றும் சொல்ல முடியாது, வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது.

இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் தயாரித்தேன். ஒரே வகையோ என்று சந்தேகமாக இருந்த ஜோடிகளை ஒன்றாகவே எழுதினேன். பட்டியல் சிறிதாயிற்று, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் என்னால் பதில் சொல்ல முடியும். அதை எடுத்துக்கொண்டு பாஸின் அறைக்குப் போனேன். அவர் முழுவதையும் படித்தார். நான் சொல்லாமல் போனதற்குக் கோபப்படவில்லை. களைத்துப்போனவர் போல நாற்காலியில் சாய்ந்தார்.

"அக்கா, அவங்க கேட்டது எத்தன நண்டு இருக்குன்னு. என்னென்ன நண்டுன்னு கேக்கல."

"அது மட்டும் போட்டா படிக்கிறவங்க தப்பா புரிஞ்சுக்குவாங்க பாஸ்."

"நம்ம பொய் சொல்லலயே. நம்பர் நீங்க எண்ணினது தானே லா."

"ஆமா. அதான் பயமா இருக்கு. இந்த லிஸ்ட் உள்ள போகலன்னா என் பேர எடுத்துடுங்க."

எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேலை போனால் அடுத்த வேலை எங்கே என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வந்தது. அவர் பட்டியலை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அவருக்கும் பயம் இருந்தது. அலுவலகத்தில் என்னோடு சேர்த்து ஐந்தே பேர், அந்த வாடிக்கையாளரை நம்பித்தான் அந்த ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், பட்டியலைப் பின்னிணைப்பில் போடுகிறேன், முன் பக்கத்தில் எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும் என்றார். நான் சரி என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, பாதி உண்மைக்குத் தலையாட்டிவிட்டு வந்தவள் போல எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. அத்தனை பக்கத்தில் கடைசிப் பக்கத்தை யார் புரட்டப்போகிறார்கள்.

அதிகாரிகள் முன் அறிக்கையை விளக்கும் கூட்டம் நடந்த அன்று பாஸ் என்னையும் வரச் சொன்னார். பின் வரிசையில் உட்கார்ந்தேன். பாஸ் பேசி முடித்தார். நட்ட காட்டில் நண்டு அதிகம் என்ற வரைபடம் திரையில் நின்றது. வீடு கட்டும் நிறுவனத்தின் பிரதிநிதி, மெல்லிய குரலில் பேசும் ஒருவர், தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அதிகாரிகளில் ஒரு மலாய்ப் பெண்மணி அறிக்கையைப் பின்னாலிருந்து புரட்டினார். ஒரு காட்டுக்கு ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள் இருக்கின்றன, இன்னொன்றுக்கு மூன்றே வரிதானா என்று கேட்டார். பாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். சொல் என்ற பார்வையா, காப்பாற்று என்ற பார்வையா, எனக்குத் தெரியவில்லை.

எழுந்து நின்றேன். மலாயில்தான் பேசினேன். நட்ட காட்டில் இருக்கும் நண்டுகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே வகை, வெயிலான சேற்றை விரும்புவது, மரம் வளர்ந்து நிழல் விழுந்தால் அதுவும் குறையலாம் என்றேன். பிரதிநிதி மரியாதையாகத்தான் கேட்டார், பட்டியலில் உள்ளவை ஒரே நண்டின் ஆணும் பெண்ணுமாக இருக்கக்கூடாதா என்று. என் பயமே எழுந்து வந்து என்னிடம் கேட்பது போல இருந்தது. சந்தேகமானவற்றை ஏற்கெனவே ஒன்றாக்கிவிட்டேன், உண்மையில் இன்னும் அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்காது என்றேன். பிறகு அந்தப் பெண்மணி, அப்படியானால் நட்ட காடு பழையதற்கு ஈடாகுமா ஆகாதா என்று கேட்டார். கல் சரிந்த மூலையைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் போய் வந்து, வேறு மரங்களும் கலந்த இடத்தில் உயிர்கள் வர ஆரம்பித்திருக்கின்றன, காலம் கொடுத்தால் ஆகலாம், எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"இன்றைய நிலை என்ன?" என்று அவர் கேட்டார்.

"இன்றைக்கு இல்லை."

பாஸோடு காரில் திரும்பினேன். ஸ்கூடாய் சிக்னலில் நின்றபோது, நல்லாத்தான் பேசினீங்க அக்கா என்றார். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார்.

பழைய காட்டை வெட்ட அந்த முறை அனுமதி கிடைக்கவில்லை. கல் தடுப்பை இன்னும் இரண்டு இடத்தில் திறந்து தண்ணீரை விட வேண்டும், இரண்டு வருடம் கழித்து மறுபடி எண்ண வேண்டும் என்று முடிவு வந்தது. அடுத்த எண்ணிக்கையை வீடு கட்டும் நிறுவனம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டது. பாஸ் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மூவார் ஆற்று முகத்தில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் வேலைக்கு மாற்றினார். அலுவலகத்தில் இன்னொருவருக்கு வேலை போயிற்று. அது என்னால்தானா என்று நான் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் படகுக்காரரிடமிருந்து ஒரு படம் வந்தது. கல்லைத் திறந்த இடத்தில் தண்ணீர் வேகமாகப் புகுந்து, ஒரு நிரை முழுவதும் சாய்ந்து கிடந்தது. அவரும் அவர் மனைவியும் கையால் நட்டவை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு கிளம்பிப் போனேன். கணவர் படகுத்துறையிலேயே நின்றுகொண்டார், சேறு அவருக்குப் பிடிக்காது.

படகுக்காரர் என்னைத் திறந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். மரங்கள் வேரோடு சரிந்திருந்தன. சில இன்னும் பச்சையாக இருந்தன, எழுந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இருப்பது போல. புதுச் சேறு வழவழவென்று படிந்திருந்தது. அதில் துளைகள் அதிகம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். கல்லைத் தூக்கும் வேலைக்கும் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்றார். பிறகு கேட்டார்.

"இது நல்லதுக்கா காக்?"

தெரியவில்லை அபாங் என்றேன். அவர் சரிந்த ஒரு மரத்தைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். நானும் இறங்கி மறுபக்கம் பிடித்தேன். இருவரும் சேர்ந்து பிடித்தும் அது நிற்கவில்லை. மெதுவாக விட்டுவிட்டோம். அடுத்த எண்ணிக்கைக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதை எண்ணப்போவது நான் இல்லை.